இரண்டுக்கும் சொந்தமில்லாத அறை

கருப்பியின் அம்மாவுக்கு,

உன்னைத் தொந்தரவு செய்ய எழுதவில்லை. குண்டன் சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறான். கருப்பியை நீ கூடையோடு தூக்கிக்கொண்டு போனதிலிருந்து புல்லைப் பாதியிலேயே விட்டுவிடுகிறான். முயலுக்குப் பல் வளர்ந்து குத்துகிறதோ என்று டாக்டரம்மாவிடம் காட்டினேன். பல்லும் வயிறும் நன்றாகத்தான் இருக்கிறதாம். பிறகு ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

"வீட்டுல ஏதாவது மாறியிருக்கா?" என்று கேட்டார்.

"சோபாவ இடம் மாத்திப் போட்டேன்."

"இதோட ஜோடி எங்க?"

"ஊருக்குப் போயிருக்கு, டாக்டர்."

முயல் எப்படி ஊருக்குப் போகும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

பிரிந்திருந்த முயல்களை நேரே வீட்டில் கொண்டுவந்து விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளுமாம். இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், முதல் தடவை பார்ப்பதுபோலப் பழகவிட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளினிக்கின் பின்னறையைத் தருகிறேன் என்கிறார். வளர்க்கிறவர்கள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

கருப்பியைக் கூட்டிக்கொண்டு வா. முயல்களைப் பற்றி மட்டும் பேசுவோம். அதுவும் வேண்டாமென்றால் சும்மா உட்கார்ந்திருப்போம்.

குண்டனுக்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எந்தச் சட்டை போடுவதென்றுதான் காலையிலிருந்து குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
குண்டனின் அப்பா