சின்ன மாமனார் சுட்ட புலி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்,
கோலாலம்பூர்.
யுவ வருஷம், ஆவணி மாதம்.

சௌபாக்கியவதி மகள் புஷ்பவல்லிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. ஈசன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறோம், பின்கட்டு முருங்கைகூட நன்றாகக் காய்க்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற பெயர் வைக்காத ஆளும் எப்படி இருக்கிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுது, சும்மா சுகம் சுகம் என்று எழுதினால் உன் கையெழுத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். இந்தக் கடிதத்தை அடுத்த வீட்டு வீரம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவள் தங்கை மகள் கல்யாணத்துக்காகக் கும்பகோணம் வருகிறாள், வருகிற வழியில் மாயவரத்தில் இறங்கி உன் கையிலேயே கொடுப்பாள். தபாலில் போட்டால் உன் மாமனார் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டிலுள்ளவர்கள் எல்லோர் காதிலும் விழப் படிப்பார் என்பது எனக்குத் தெரியாதா. அவர் படிப்பதற்கென்று தபாலில் ஒன்று தனியாக வருகிறது. அதில் உன் சின்ன மாமனார் சபாபதி மகா சூரர். இதில் அவர் நம்மைப் போல ஒரு மனுஷர். ஆகையால் இதைப் படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடு.

தலைப் பிரசவத்துக்கு உன்னை அனுப்பி வையுங்கள் என்று நாங்கள் கேட்டு எழுதினதற்கு உங்கள் வீட்டிலிருந்து வந்த பதில் உனக்கே தெரியும். மலாயாவில் புலி வீதியில் நடமாடுகிறதாம், அந்த ஊருக்குப் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப நாங்கள் என்ன புத்தி கெட்டவர்களா என்று கேட்டிருந்தார்கள். நீ பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், பதினெட்டு வயது வரை வளர்ந்தது இதே ஊரில்தான் என்பது அவர்களுக்கு ஒரு சாட்சியாகவே படவில்லை, ஏதோ புலிக்குப் பசி இல்லாத சமயமாகப் பார்த்து நீ தப்பித்துக்கொண்டே வந்தாய் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அதற்கு நீயும் ஒரு காரணம், கோபித்துக்கொள்ளாதே. கல்யாணமான புதிதில் நாத்தனார்மாரைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, சின்ன வயதில் புலி உறுமுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குவேன் என்று அளந்தாயே, அது உன் அப்பாவின் குறட்டை. நீ மட்டும் இல்லை, இங்கேயிருந்து ஊருக்குப் போகிற ஒவ்வொருவரும் பெட்டியில் ஒரு சீட்டித் துணியும் வாயில் ஒரு புலியும் இல்லாமல் போவதில்லை. அந்தக் காலத்தில் கிள்ளான் துறைமுகம் திறந்த புதிதில் இந்த ஊருக்குக் கெட்ட பெயர் வந்தது நியாயம்தான், காய்ச்சலில் ஆட்கள் கொத்துக் கொத்தாகப் படுத்தார்கள். பிறகு சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டி, எண்ணெய் தெளித்து, இப்போது அங்கே மனுஷர் நிம்மதியாகக் குடியிருக்கிறார்கள். ஆனால் காய்ச்சலைப் பற்றி அப்போதும் யாரும் ஊருக்கு எழுதவில்லை, புலியைப் பற்றித்தான் எழுதினார்கள். காய்ச்சலில் கிடந்தேன் என்றால் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், புலியைப் பார்த்தேன் என்றால் உட்கார நாற்காலி போடுவார்கள்.

சரி, வந்த கதைக்கு வருகிறேன். நிலவரத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று உன் சின்ன மாமனார் கப்பல் ஏறினாரே, அவரை அழைத்து வர உன் அப்பா டிக்கெட் ஆபீசில் லீவு போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிருந்தார். மனுஷர் இறங்கும்போதே கையில் பூண் போட்ட தடி, இடுப்பில் ஒரு துணிப் பொட்டணம். சுங்கத்து ஆள் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்திருக்கிறான். அவ்வளவும் மிளகாய்ப் பொடி. அவன் தும்ம, பக்கத்திலிருந்தவன் தும்ம, வரிசை முழுக்கத் தும்மலாகிவிட்டது. இது எதற்கு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டானாம். புலி கண்ணில் தூவ என்று உன் சின்ன மாமனார் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல, உன் அப்பா நடுவில் புகுந்து, ஊறுகாய்க்கு என்று மலாயில் மாற்றிச் சொல்லி அழைத்து வந்துவிட்டார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்து முகம் சுளித்தாராம். மரத்தை இப்படிப் பட்டாளம் மாதிரி வரிசையா நட்டு வச்சா புலி எங்கேதான் ஒளியும் என்று உன் அப்பாவிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே கொசுவலையைத் தூக்கிச் சுருட்டி மேலே போட்டுவிட்டார். ஏன் சம்பந்தி என்று கேட்டால், ராத்திரி புலி வந்தால் எழுந்து ஓட வழி வேண்டாமா தங்கச்சி என்கிறார். இந்த ஊரில் பயப்பட வேண்டியது ஒன்று உண்டென்றால் அது அந்தக் கொசுதான், அதற்கு மட்டும் அவர் பயப்படவில்லை. அவர் கண்ணயர்ந்த பிறகு உன் அப்பா தினமும் பூனை போலப் போய் வலையை இறக்கிச் செருகிவிட்டு வருவார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை ஊரிலிருந்தே தீர்மானம் செய்துகொண்டு வருகிறார்கள்.

அவருக்கு எல்லாவற்றையும் காட்டினோம். விளக்குப் போட்ட வீதிகள், பெரிய ரயில் நிலையம், பாசார் கடைத்தெரு, கோயில், எதிலும் குறை சொல்ல முடியவில்லை. பத்துமலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனோம், அங்கே ஒரு குரங்கு அவர் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, இவ்வளவு தூரம் வந்ததற்குக் குரங்குதானா என்பது போல ஒரு பெருமூச்சு விட்டார். கிள்ளானில் ஆற்றங்கரையில் நின்று முதலை எங்கே என்று கேட்டார். வலை காய வைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர், இருக்கிறது, ஆனால் உங்கள் சத்தத்துக்கு வராது என்று சொல்லிச் சிரித்தார். நாளுக்கு நாள் மனுஷர் வாடிப் போனார். சாப்பாடும் குறைந்தது. உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், ஒரு பயமும் இல்லை என்று கண்ணாலேயே பார்த்துவிட்டார், இனி நம் பெண் வருவதற்குத் தடையில்லை என்று வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் அதில் நம்பிக்கை வரவில்லை, ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அதை வீரம்மா வந்து தெரிவித்தாள். ஒரு நாள் சாயங்காலம் வேலியோரம் வந்து நின்றுகொண்டு, ஏன்க்கா, உங்க வீட்டுப் பின்கட்டுக்குப் புலி வந்துச்சாமே, பக்கத்துலயே இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே என்று கேட்டாள். யாரடி சொன்னது என்றால், உங்க சம்பந்திதான் கோயில்லே சொன்னாரு, முருங்கை மரத்தடியிலே கண்ணு ரெண்டும் நெருப்பு மாதிரி இருந்துச்சாம், அவரு தடியைத் தட்டினதும் ஓடிப் போச்சாம் என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பகீரென்றும் ஆனது. நீயே யோசித்துப் பார். புலி இருக்கிற ஊருக்குப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று மாயவரம் முழுக்கக் காதில் விழும்படி சொன்னவர் அவர். இப்போது திரும்பிப் போய்ப் புலியே இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வார். கடல் தாண்டிப் போய்க் குரங்கைப் பார்த்துவிட்டு வந்தார் என்றால் உங்கள் தெருவில் அவரை யார் மதிப்பார்கள். ஆகவே புலி வந்தே தீரும், அதுவும் நீ வந்து படுக்கப் போகிற வீட்டின் பின்கட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் புலி ஓடிப்போன புலியாகவே மாயவரம் வந்து சேர்ந்தால் நீ இங்கே வரவே போவதில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் உண்மையை எடுத்துச் சொல்லிப் பார்க்கலாமா என்றார். உண்மையைத்தானே இத்தனை நாளாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம், அதனால்தானே மனுஷர் இளைத்துப் போனார் என்றேன்.

மறுநாள், ஊருக்குப் போவதற்கு முன்னால் நினைவுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் சம்பந்தி என்று சொல்லி, பத்து ரோடு என்கிற கடைவீதியில் ஒரு சீனர் படம் பிடிக்கிற கடை வைத்திருக்கிறாரே, அங்கே அவரை அழைத்துக்கொண்டு போனோம். உனக்கு நினைவு வந்திருக்கும், சிரிக்காமல் மேலே படி. கடைக்குள் நுழைந்ததும் மூலையில் வைக்கோல் அடைத்த அந்தப் புலி நிற்கிறது. உன் சின்ன மாமனார் அப்படியே நின்றுவிட்டார். மிளகாய்ப் பொட்டணத்தின்மேல் கை போய், பிறகு மெல்ல இறங்கியது. அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், முதுகைத் தடவிப் பார்த்தார், அத்தனை நாளில் இல்லாத ஒரு தெளிச்சி அவர் முகத்தில் வந்தது. உன் அப்பா பழைய ஞாபகத்தில், இதே புலிமேல்தான் நம் புஷ்பா என்று ஆரம்பித்தார், அவர் காலை நான் ஓங்கி மிதித்தேன். இது எங்கே சுட்டதுன்னு கேளு தங்கச்சி என்றார் உன் சின்ன மாமனார். சீனர் மலாயில் பகாங் காடு என்றார். இந்தப் பக்கத்திலே இருந்த கடைசிப் புலி இதுதானாம் சம்பந்தி, இதற்கப்புறம் ஒன்றுகூட இல்லையாம் என்று நான் தமிழில் சொன்னேன். சுட்டது யாராம் என்றார். சீனர் தெரியாது என்று தலையை ஆட்டினார், அதை மட்டும் மாற்றாமல் சொன்னேன். பேர் தெரியாதா, அப்போ நான்தான் சுட்டேன்னு வந்து நிக்க ஒருத்தருமில்லே என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அதன் இடது காது பிய்ந்து தைத்திருப்பதைக் காட்டி அது என்ன என்று கேட்டார். சீனர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மலாயில் என்னவோ சொன்னார். குண்டு உரசிப் போன இடமாம் என்றேன். சீனர் நிஜத்தில் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அப்புறம் எதையும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடையிலிருந்த துரைமார் தொப்பியை அவரே எடுத்து வைத்துக்கொண்டார், மரத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டார், ஒரு காலைத் தூக்கிப் புலி முதுகில் வைத்தார். அழுத்தாதீங்க, வைக்கோல் வந்துரும் என்று சீனர் மலாயில் பதறினார், அதை நான் கம்பீரமாக நிற்கச் சொல்கிறார் என்று மாற்றிச் சொன்னேன். படம் வெகு நன்றாக வந்திருக்கிறது. வேட்டி, தொப்பி, துப்பாக்கி, இடுப்பில் புடைத்துக்கொண்டு மிளகாய்ப் பொடி. அதைப் பட்டுத் துணியில் சுற்றி விபூதிப் பொட்டலத்தோடு பெட்டியில் வைத்திருக்கிறார். அன்று முதல் ஆளே மாறிவிட்டார், தோசை இரண்டு கூடுதலாகப் போகிறது, கொசுவலையைக்கூட அவரே இறக்கிக்கொண்டார். நேற்றுச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு உன் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கன்னையா, இனிமே புள்ளையை யோசனை இல்லாம அனுப்பி வைக்கலாம், நானே முன்னே நின்னு அனுப்பி வைக்கிறேன், அந்த ஒண்ணுதானே இருந்துச்சு என்றார். நான் அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது, புஷ்பா. நீ அங்கே இடுப்பு வலியில் அம்மா என்று கூப்பிட, நான் இங்கே ஒன்றும் தெரியாமல் அரிசி களைந்துகொண்டிருப்பேனோ என்று இத்தனை நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான், அதற்காக எத்தனை புலியை வேண்டுமானாலும் மொழிபெயர்ப்பேன்.

வீரம்மா புரட்டாசி முடிவதற்குள் திரும்பி வருகிறாள், ஐப்பசிப் புயலுக்கு முன்னால் அவளோடு கப்பல் ஏறிவிடு. எலுமிச்சம்பழம் கையோடு இருக்கட்டும், கப்பலில் ஈரமான மேல்தட்டில் உட்காராதே, இங்கே வந்ததும் கொசுவலைக்குள்தான் தூக்கம், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உன் சின்ன மாமனார் கதை சொல்லும்போது எதிரில் உட்காராதே, உட்கார்ந்தால் தலையைக் குனிந்துகொள், வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். நீ சின்ன வயதில் கேட்ட உறுமல் இந்தப் புலியுடையதுதானா என்று நாத்தனார் யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு, உன் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். பெரியவரை மரியாதைக் குறைவாக நினைக்காதே. நம் பெண்ணுக்கு வழி விட வேண்டும் என்று அவர் மனதிலும் இருந்தது, வழி விடுவதற்கு ஒரு சாக்குதான் அவருக்கு வேண்டியிருந்தது.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் மஞ்சளும் குங்குமமுமாக, பிள்ளை குட்டிகளோடு நிறைந்து இருக்க வேண்டும் என்று கந்தசாமியை வேண்டிக்கொள்கிறேன். ஒரு காரியம் மறக்காதே, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். உன் டிரங்குப் பெட்டியின் அடியில், நாலு வயதில் நீ எடுத்துக்கொண்ட படம் இருக்கிறது. அதே கடை, அதே புலி. நீ அதன் முதுகில் சவாரி உட்கார்ந்து இடது காதைப் பிடித்துத் தொங்கி, பிய்த்துக் கையோடு கொண்டுவந்துவிட்டாய். சீனர் அன்று மலாயில் சொன்னது, காதைப் பிய்த்த அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்றுதான். அந்தப் படம் உங்கள் வீட்டில் ஒருவர் கண்ணிலும் பட வேண்டாம், புடவை மடிப்பில் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வா. பிள்ளை பிறந்து கழுத்து நின்றதும் அதையும் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் புலிமேல் உட்கார வைப்போம், வலது காது இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும் அம்மா,
பவுனம்மாள்.