மூன்றாவது பந்து

செவ்வாய், இரவு. ஆஸ்பத்திரி.

நுரையீரலைச் சுற்றி நீர் திரும்பச் சேரவில்லை, நாளை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எக்ஸ்ரேயை அவர் கையில் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் முட்டம் பாறைகளுக்கடியில் முங்கிச் சிப்பி எடுக்கிறவர். வயிற்றில் ஆபரேஷன் முடிந்த பிறகு, தையல் வலித்தபோதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டார். நானும் அதைப் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் கோத்துக்கொண்டதற்கு மூச்சை இழுத்து விடாததும் ஒரு காரணமாம். முதுகில் ஊசி குத்தி ஒரு பாட்டில் நிறைய எடுத்தார்கள். அப்புறம், குழாயில் மூச்சை இழுத்து மூன்று பந்துகளை மேலே ஏற்றும் ஒரு கருவியைத் தந்தார்கள்.

நான்கு நாளாக ஒரு பந்துதான் ஏறியது. இன்று காலை குழாயைத் தள்ளிவிட்டார்.

"என்னக் கொண்டு ஆவாதுட்டி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வள்ளத்துலேருந்து முங்கதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பீருல்லா? அத இழும். கீழ சிப்பி கெடக்கு."

கண்ணை மூடி இழுத்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவதும் மேலே போய் முட்டியது! நர்ஸ் கைதட்டினாள்.

பந்துகள் விழுந்துவிட்டன. அவர் மட்டும் மூச்சை விடவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. இனி கடலுக்குப் போகலாமா என்று டாக்டரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

"போதும், மேல வாரும்!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.