சின்னவன் கை வைக்கல

ஆவணி 4, வியாழன்

காலையில இருந்து மூட்டம். மழை வரல. மாட்டுக்குத் தீனி நானே அறுத்தேன். சின்னவன் பாபு காரியம் போன வாரம் முடிஞ்சுது, வந்தவங்க எல்லாம் போயாச்சு. இப்ப வீட்ல நான், பெரிய மருமக லதா, அவ கைக்குழந்தை. பெரியவன் வேலு சித்தூர் ஜெயில்ல.

சின்னவன் மண்ணுல. அவனை அங்க அனுப்பினவன் ஜெயில்ல. ரெண்டும் நான் பெத்தது.

கடைக்குப் போனா பேச்சு நின்னுபோவுது. ஒருத்தி மட்டும், "அண்ணன் தம்பி சண்டை யார் வூட்ல இல்ல?"ன்னா. ஆறுதலுக்குத்தான் சொன்னா.

கொசுவத்தி, லதாவுக்கு மாத்திரை வாங்கினேன். உப்பு மறந்துட்டேன்.

ஆவணி 5, வெள்ளி

நானும் லதாவும் சித்தூர் போனோம். வக்கீல் திருப்பதி கோர்ட்டுக்குப் போய்ட்டாராம். அவர்கிட்ட வேலை செய்ற பொண்ணு இருந்துச்சி. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுது. வேலுவை பெயில்ல எடுக்க நான் கையெழுத்து போடணுமாம். காகிதம் இங்கிலீஷ்ல. படிச்சி அர்த்தம் சொல்லுன்னேன்.

பாகம் பிரிக்கிறதுல அண்ணன் தம்பிக்குள்ள தகராறு, அப்புறம் "கேம் டு ப்ளோஸ்"னு வந்துச்சி.

"அப்டின்னா?"

"பேச்சு முத்திப் போயி கைகலப்பு ஆச்சுன்னு அர்த்தம்மா."

"யாரு கை?"

அந்தப் பொண்ணு பேனாவை மூடிச்சி. "ரெண்டு பேரு கையும். ஒருத்தர் மட்டும் அடிச்சா இப்டி எழுதறது தப்பு."

"வாய்ச்சண்டைக்கு வராதா?"

"ராதும்மா, வராது. அடி விழணும். ரெண்டு பக்கமும்."

லதா என் கையைக் கிள்ளினா. திங்கக்கிழமை வரேன்னு எழுந்து வந்துட்டேன்.

பஸ்ஸுல லதா: "செத்தவரு எழுந்து வந்து கேக்கப்போறாரா அத்தே? ஒரு வார்த்தைதானே. உயிரோட இருக்கறவரையாவது கொண்டுவந்து வுடு."

வழியெல்லாம் அழுதுக்கினே வந்தா. சின்ன வயசு.

ஆவணி 6, சனி

தலைவலி. கஞ்சி குடிச்சேன்.

பாபு ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்ல லீவு போட்டுட்டு வந்தது பாகம் கேக்கத்தான். வாய் பேசுனான், இல்லன்னு சொல்லல. அண்ணன்னு பாக்காம "என் பங்கையும் துன்னு கொழுத்துட்ட"ன்னான். அது தப்பு.

ஆனா அன்னிக்கி போர்வெல் கிட்ட அவன் தலையில புல்லுக்கட்டு. ரெண்டு கையும் மேல, கட்டைப் பிடிச்சிக்கினு. மம்மட்டியை எடுத்தது வேலு. நான் வரப்புல. கத்தினேன். பாபு கட்டைக் கீழ போடல. போட்டுட்டு ஓடியிருக்கலாம். அண்ணன் அடிப்பான்னு நெனைக்கல அவன்.

ஆவணி 8, திங்கள்

வெயில். மொதல்ல ஜெயில். லதாவும் குழந்தையும் பாத்துட்டு வெளிய வந்தாங்க. அப்புறம் நான் போனேன். வேலுக்கு தாடி, கண்ணு உள்ள போயிருக்குது.

"சோறு துன்னியா நைனா?"ன்னேன்.

"ம்." அப்புறம், "அவன்தான் மொதல்ல கை வச்சான், இல்லம்மா?" மூஞ்சியைப் பாக்காம கேட்டான்.

"இல்ல நைனா."

தலையை ஆட்டினான்.

அப்புறம் வக்கீல் ஆபீஸ். அந்தப் பொண்ணுகிட்ட, "அந்த வார்த்தையை எடுத்துடு"ன்னேன்.

"எடுத்தா பெயில் கஷ்டம்மா. வேற இன்னா எழுதட்டும்?"

"பெரியவன் அடிச்சான். சின்னவன் கை வைக்கல. அடிச்சவனும் என் புள்ள, வூட்டுக்கு அனுப்புங்க. அப்டி எழுது."

"ரெண்டையும் ஒரே காகிதத்துல எப்டிம்மா?"

"ஒரே வயித்துல பொறந்தவனுங்க. எழுதும்மா."

எழுதிச்சி. படிச்சிக் காட்டிச்சி. கையெழுத்து போட்டேன். திரும்பிப் பாத்தா லதா இல்ல, கீழ எறங்கிப் போயிட்டா.

பஸ்ஸுல என் பக்கத்துல உக்காரல. எங்க ஊர் ஜி.டி.நெல்லூர்ல நான் எறங்கினேன். அவ எறங்கல. அவ அம்மா வூட்டுக்கு இன்னும் மேல போகணும்.

"அந்த வூட்ல எனக்கு இன்னா இருக்குது அத்தே, நீயே சொல்லு"ன்னா. குழந்தை தூங்கிக்கினு இருந்துச்சி. பஸ் எடுத்துட்டான்.

மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு அரிசி களைய உக்காந்தேன். ஒரு ஆளுக்கு எவ்ளோ போடறதுன்னு தெரியல.