வடிக்காத தண்ணீர்

ஏப்ரல் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியவில்லை. நலமில்லை என்று அத்தை போனில் சொல்லிவிட்டாள். தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தீர்களாமே. கிளப் நீச்சல் குளத்துப் படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னீர்களாம். "ஈரத் தரையில் ஓடாதே" என்று விசில் ஊதியே காலத்தைக் கழித்த நீச்சல் மாஸ்டர் வழுக்கி விழுந்தார் என்றால் அத்தை நம்புவாள். நான் உங்கள் மகள்.

நான் போன் செய்யாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் அந்த நாள் கண்முன் வந்து நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரைக் கிளப்புக்கு அழைத்து வந்தேன். நீங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிலைமையை லேசாக்க நினைத்து அவர் குளத்தில் இறங்கி நீந்தினார். அவர் கரையேறியதும், எல்லார் முன்னாலும் தண்ணீர் முழுவதையும் வடிக்கச் சொல்லி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வைத்தீர்கள். வேற இனத்துக்காரன் உடம்பு பட்ட தண்ணீராம். அவர் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு எந்தக் குளத்திலும் இறங்கியதில்லை.

மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 11

என் செல்லக் குட்டிம்மாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. இடது கையால் எழுதுகிறேன். எறும்பு மையில் குளித்துவிட்டு ஓடிய மாதிரி இருக்கிறது. உன் கடிதத்தை வாங்கும் அவசரத்தில் கட்டுப் போட்ட கையை நீட்டிவிட்டு, வலியில் பாவம் அந்தத் தபால்காரரைத் திட்டிவிட்டேன்.

அத்தைதான் சமைத்துக் கொண்டுவருகிறாள். உப்பை மட்டும் வீட்டிலேயே மறந்துவிட்டு வருகிறாள். வேலையை விட்டுவிட்டேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இப்போது ஒரு மாடி அறையில் இருக்கிறேன். காற்று வருகிறது. எனக்கும் வயசாகிவிட்டதல்லவா, வழுக்கித்தான் விழுந்தேன். அதை விடு.

பேத்தி எப்படி இருக்கிறாள்? பள்ளிக்கூடம் போகிறாளா? இதைக் கேட்க இவருக்கு என்ன உரிமை என்று நினைத்தால், இந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடு.

அப்பா


ஏப்ரல் 19

அப்பா,

அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றாம் வகுப்புப் போகிறாள். முன்பல் விழுந்துவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை.

அந்தக் குளத்தைவிட்டு உங்களைக் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும் என்று அம்மா இருந்தவரை சொல்வாள். நீங்களாகவா வேலையை விட்டீர்கள்? டிக்கெட் கவுன்ட்டர் அக்காவுக்குப் போன் செய்தேன். "உங்கப்பா விழலைம்மா, தள்ளிவிட்டாங்க. இதுக்கு மேல கேக்காதே, எனக்கு வேலை வேணும்" என்று வைத்துவிட்டார். யார் தள்ளினார்கள்? எதற்கு? நீங்கள் எழுதாவிட்டால் நேரில் வந்து அந்தக் கிளப் கமிட்டி ஆட்களின் சட்டையைப் பிடித்துக் கேட்பேன். செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மகள்


ஏப்ரல் 27

அன்பு மகளே,

பிடிவாதத்தில் நீ அப்படியே உன் அம்மா. சொல்கிறேன்.

டிக்கெட் எடுத்தால் யாரும் குளத்தில் இறங்கலாம் என்று புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் உன் வீட்டுக்காரர் இனத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. போன மாதம்தான் ஒரு பெரியவர் வந்தார். தையல்காரர். முழங்கால் வலிக்கு டாக்டர் தண்ணீரில் நடக்கச் சொன்னாராம். இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், கையை விட்டா முங்கிடுவேனா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முங்கினா எழுந்து நில்லுங்க" என்றேன். அவரும் சிரித்தார்.

அதற்குள் கமிட்டிச் செயலாளர் ஆட்களோடு வந்துவிட்டார். "மாஸ்டர், தண்ணியை வடிங்க. உங்களுக்குச் சொல்லித் தரணுமா?" என்றார். எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லைதான். பம்ப் அறைக்குப் போய் வால்வில் கையையும் வைத்துவிட்டேன். அப்போது அந்தப் பெரியவர் துண்டைப் போர்த்திக்கொண்டு கதவருகே வந்து நின்றார். "என்னாலயா மாஸ்டர்?" என்று கேட்டார்.

உன் வீட்டுக்காரர் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "ஆமா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். இவர் கேட்டார். கோபம்கூட இல்லை, தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி கேட்டார். வால்விலிருந்து கையை எடுத்தேன். "இல்லைங்க. நீங்க போய் நடங்க" என்றேன்.

அறையைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றுகொண்டேன். "தண்ணி என் பொறுப்பு. சுத்தமாத்தான் இருக்கு" என்றேன். "சொந்த மருமகனுக்கே வடிச்ச ஆளு, இவனுக்குப் போய் ஏன்?" என்று ஒருவன் கேட்டான். "அதனாலதான்" என்றேன். தள்ளினார்கள். தோள் படியில் மோதியது. அந்தப் பெரியவர்தான் ஈரத் துணியோடு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கையைத் தொங்கவிட இப்போது நான் கழுத்தில் மாட்டியிருக்கிற துணியும் அவர் தைத்ததுதான்.

இதைச் சொன்னால் மன்னிப்புக்கு அடிபோடுகிற மாதிரி இருக்கும் என்றுதான் மறைத்தேன். ஓர் எலும்பு முறிந்ததற்கு அவ்வளவு பெரிய கூலி கிடையாது என்று எனக்குத் தெரியும்.

அப்பா


மே 8

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் தந்தார். இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையையே எடுத்து மறுபடி இஸ்திரி போட்டார். கடைசியில், "மன்னிச்சுட்டேன்னு பொய் சொல்ல எனக்கு வரலை. ஆனா குழந்தைக்குத் தாத்தா வேணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அவர்தான் கார் ஓட்டி வருவார், ஆனால் மேலே வரமாட்டார். நீங்கள் கீழே போய் அழுது, குழந்தை முன்னால் அவரைச் சங்கடப்படுத்திவிடாதீர்கள். அவருக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் ஆகட்டும். அவசரப்படுத்த உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

உங்கள் குட்டிம்மா


மே 16

குட்டிம்மாவுக்கு,

நீங்கள் போன பிறகும் அறை முழுக்க உங்கள் சத்தமாகவே இருக்கிறது. "தாத்தா, உங்க கை எப்போ ரிப்பேர் ஆகும்?" என்று பேத்தி கேட்டதை அத்தையிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் திடீரென்று மேலே வந்ததும் நீ திகைத்துப்போய் என்னைப் பார்த்தாயே, காரணத்தை அவர் முன்னால் எனக்குச் சொல்ல முடியவில்லை. நீ குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது உன் பேச்சை மீறிவிட்டேன். ஒரு டம்ளர் டீ போட்டு, நான் குடிக்கிற டம்ளரில்தான், எடுத்துக்கொண்டு கீழே போனேன். இருப்பது ஒரு கை, அதில் டீ. கார்க் கண்ணாடியைத் தட்ட முடியவில்லை. அப்படியே வெயிலில் நின்றேன். அவர் நேராகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கண்ணாடியை இறக்கி வாங்கிக்கொண்டார். உன் மேல் சத்தியமாக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. முழுவதும் குடித்தார். டம்ளரைக் கொடுக்கப் போனவர் என் கையைப் பார்த்துவிட்டு, "படி செங்குத்தா இருக்கு. நான் எடுத்துட்டு வரேன், நீங்க பிடிச்சுக்கிட்டு ஏறுங்க" என்றார்.

மீதியைத்தான் நீயே பார்த்தாய். நேராகக் குழாயடிக்குப் போய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். "வைங்க, நான் கழுவுறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று குளத்தைத் தேய்க்க வைத்த என் வாயிலிருந்து அது வந்தால் அவர் காதில் வேறு மாதிரி விழும் என்று அடக்கிக்கொண்டேன்.

அவரிடம் என்னைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். சமயம் பார்த்து ஒன்றே ஒன்று மட்டும் கேட்டு எழுது: டீக்குச் சர்க்கரை போதுமாக இருந்ததா?

அப்பா