அண்ணி பேசாத வகுப்பு

ஜூலை 3

அன்புள்ள வாலுவுக்கு,

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தொண்டையில் இருந்தது சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் குறைந்தது மூன்று மாதம் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். போனில் அரட்டை அடிக்க முடியாது. குட்டிக் குட்டி எழுத்தாகத் தட்டி அனுப்ப எனக்குப் பொறுமையும் இல்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். உன் அண்ணன் முகத்தில் மட்டும் தனிக் களை. கல்யாணமானதிலிருந்து இப்போதுதான் ஆரம்பித்த பேச்சை முடிக்கிறாராம்.

விளையாட்டு இருக்கட்டும். அடுத்த மாதம் பல்கலைக்கழகம் திறக்கிறது. முதலாண்டு நிகழ்தகவுப் பாடம், பெரிய அரங்கு, நூற்றெண்பது பிள்ளைகள். துறைத் தலைவர் கூப்பிட்டு, “போன வருஷப் பதிவையே திரையில ஓட்டிடலாம், நீங்க பக்கத்துல சும்மா உட்காருங்க” என்றார். என் குரலுக்கு நானே காவல் இருக்க வேண்டுமாம்! இல்லாவிட்டால் பாடத்தை வேறொருவருக்குக் கொடுப்பார்களாம். இப்போது கைவிட்டால் அது எனக்குத் திரும்பக் கிடைக்காது. பேசுவதைத் தவிர எனக்கு என்னடி தெரியும்? பயமாக இருக்கிறது.

அன்புடன்,
அண்ணி

ஜூலை 10

அன்புள்ள அண்ணிக்கு,

கட்டி சாதாரணமானதுதான் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அண்ணனிடம் ரொம்ப ஆடவேண்டாம் என்று சொல்லுங்கள், மூன்று மாதம் சீக்கிரம் ஓடிவிடும்.

பதிவை ஓட்டாதீர்கள். இங்கே என் கட்டடப் பொறியியல் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி, மூன்று விடை. எல்லோரும் கை தூக்கட்டும். யார் சரி என்று காட்டிக்கொள்ளாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி மடக்கச் சொல்லுங்கள். பிறகு மறுபடி கை தூக்கட்டும். இதற்குத் தொண்டை வேண்டாம், நல்ல கேள்விதான் வேண்டும். நான் இதை நாற்பது பேர் வகுப்பில்தான் செய்திருக்கிறேன். நூற்றெண்பது பேர் என்றால் எனக்கே நடுக்கம்தான். ஆனால் நீங்கள் நீங்களாச்சே.

உங்கள்
வாலு

ஆகஸ்ட் 14

அன்புள்ள வாலுவுக்கு,

உன் பேச்சைக் கேட்டு முதல் நாள் மானம் கப்பலேறியது. “ஒரு நாணயம் ஐந்து முறை தொடர்ந்து தலையாக விழுந்தது. ஆறாவது முறை பூ விழ வாய்ப்பு கூடுமா, குறையுமா, அதேதானா?” என்று எழுதினேன். கை தூக்கினார்கள். பேசுங்கள் என்று சைகை காட்டினேன். நூற்றெண்பது பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். விடையை எழுதிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

பிறகுதான் உறைத்தது: கேள்வி ரொம்ப லேசு, தெரிந்தவர்களுக்குச் சண்டை போட ஒன்றுமில்லை, தெரியாதவர்களுக்கு வெட்கம். இப்போது பாதிப் பேராவது தப்பாகச் சொல்லும் கேள்வியாகத் தேடுகிறேன். ஒரு கேள்விக்கு ஒரு முழு மாலை போகிறது. முன்பெல்லாம் வகுப்புக்கு நடந்து போகிற வழியிலேயே தயாராகிவிடுவேன். நேற்று கடைசி வரிசையில் ஏதோ சத்தம் கேட்டது. சண்டைதான். தேன் குடித்த மாதிரி இருந்தது.

அன்புடன்,
அண்ணி

செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் தூக்கமே இல்லை, உங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் அபூர்வமான ஒரு நோய். நூற்றுக்கு ஒரு தடவை தப்பாகச் சொல்லும் சோதனை. உங்களுக்கு நோய் இருக்கிறது என்று முடிவு வருகிறது, பயப்படலாமா என்று கேட்டிருந்தீர்கள். முக்கால்வாசிப் பேர் “செத்தோம்” என்றே கை தூக்கினார்கள். பிறகு அரங்கம் சந்தைக்கடையாகிவிட்டது. என் பக்கத்தில் ஒரு பெண், நெட்டையாக இருந்த பையனைப் பிடித்து உலுக்கினாள்: “பத்தாயிரம் பேர எடுத்துக்கோடா. ஒருத்தருக்குத்தான் நோய். ஆனா சோதனை நூறு பேரத் தப்பாப் பிடிக்குமே! அந்தக் கூட்டத்துல நீ யாரு?” அவன் வாயைப் பிளந்தான். நானும்தான்.

நீங்களோ தப்பான விடையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வரிசைக்குப் போய், கேள்வியில் “அபூர்வமான” என்ற சொல்லை மட்டும் தட்டிக் காட்டிவிட்டு நகர்ந்தீர்கள். எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறதே! முறையைச் சொன்னது நான்தான். ஆனால் இனி நான்தான் உங்களிடம் படிக்க வேண்டும். பெருமையாக இருக்கிறது அண்ணி.

உங்கள்
வாலு

செப்டம்பர் 16

அன்புள்ள வாலுவுக்கு,

இவ்வளவு புகழ்ந்த பிறகு மறைக்க முடியவில்லை. நீ வந்திருந்தபோதே எனக்குக் குரல் வந்துவிட்டது. நினைத்ததைவிடச் சீக்கிரம் ஆறிவிட்டது, பேசலாம் என்று டாக்டர் ஆகஸ்ட் கடைசியிலேயே சொல்லிவிட்டார். உன் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

உன்னிடம் பேசாததற்குக் காரணம் வறட்டு கௌரவம். பழைய குரல் இல்லை, கரகரவென்று வருகிறது. நீ அதைக் கேட்டு முகம் சுளிப்பாயோ என்று இருந்தது. வகுப்பில் சொல்லாததற்குக் காரணம் வேறு. நான் வாயைத் திறந்தால் அவர்கள் மூடிக்கொள்வார்கள். அந்த நெட்டையன் உளறியபோது எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. நான் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும், அந்தப் பெண்ணுக்குத் தானே கண்டுபிடித்த சந்தோஷம் கிடைத்திருக்காது. ஆனால் என் மேசையில் மிட்டாய் கொண்டுவந்து வைக்கிறார்கள், எனக்காகக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். ஏமாற்றுகிறேன். என்ன செய்யட்டும்?

அண்ணி

செப்டம்பர் 20

அண்ணி,

கோபம் கோபமாக வருகிறது. உங்கள் குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருந்தாலும் எனக்கு வேண்டும். அது தெரியாதா உங்களுக்கு?

வகுப்பில் சொல்லிவிடுங்கள். நீங்கள் பேசினால் அவர்கள் விவாதம் நின்றுவிடும் என்றால் நீங்கள் கண்டுபிடித்தது பாடம் நடத்தும் முறையே இல்லை, வெறும் தொண்டை வலிதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன்.

வாலு

செப்டம்பர் 27

அன்புள்ள வாலுவுக்கு,

நேற்றுச் சொல்லிவிட்டேன். “எனக்குப் பேச்சு வந்துடுச்சு. வந்து கொஞ்ச நாளாச்சு, உங்ககிட்ட மறைச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க” என்றேன். குரல் அசிங்கமாகத்தான் ஒலித்தது. ஒரே கைதட்டல். அது அடங்கியதும், வாலு, நான் பயந்ததே நடந்தது. நூற்றெண்பது நோட்டுகளும் திறந்தன. பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கேள்வியை வாய்விட்டுப் படித்தேன். கை தூக்கினார்கள். அப்புறம் யாரும் பக்கத்தில் திரும்பவில்லை. எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? எல்லாம் போயிற்று, என் நோய்தான் வகுப்பு நடத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சரி, விளக்கிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

முன்வரிசையில் ஒரு பெண், நான் போடுகிற புள்ளியைக்கூட விடாமல் எழுதுகிறவள், பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“மேடம், ப்ளீஸ், சொல்லிடாதீங்க. நாங்க இன்னும் பேசவே ஆரம்பிக்கலை.”

சொல்லிவிட்டு, பின்வரிசையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னை வாயை மூடச் சொன்னதில்லை. சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிடம் அரங்கம் முழுக்க இரைச்சல். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அன்புடன்,
அண்ணி