போணிக்கு ஆகாத படம்

மாமல்லபுரம்
18.6.2009

சம்பூர்ணத்துக்கு,

நான் சௌக்கியம். போன் பண்ணா எடுக்க மாட்டேன்ற, அதான் எழுதறேன். உன் தங்கச்சி வூட்ல இன்னும் எத்தினி நாளு குந்திகினு இருப்ப? கடையில டீயும் போட்டுகினு, சில்லறையும் குடுத்துகினு நான் ஒருத்தனே அல்லாடறேன்.

சிகரெட் பாக்கெட்ல இப்ப கெட்டுப்போன நுரையீரல் படம் போட்டு வருது. காலங்காத்தால போணி பண்ண வர்றவன் அதைப் பாத்து மூஞ்சி சுளிக்கிறான். சரக்கு வந்ததும் பிரிச்சி, எல்லாத்தியும் கண்ணாடி பாட்டில்ல போட்டுட்டேன். அட்டை அடுப்புக்குப் போச்சு. யாருக்கும் பேஜார் இல்ல.

கோவத்தை வுட்டுட்டு வா.

தனகோடி

மதுராந்தகம்
23.6.2009

காயத்ரி அப்பாவுக்கு,

போனை எடுத்தா மொதல்ல நீங்க இருமுறதுதான் கேக்குது. அதான் எடுக்கல.

வாங்கறவன் படத்தைப் பாக்க மாட்டான், சரி. பிரிக்கறது நீங்கதானே? தெனம் பாத்துட்டு, அதுலேர்ந்தே ஒண்ணை எடுத்துப் பத்த வெக்க எப்படித்தான் மனசு வருதோ! செங்கல்பட்டு போயி ஒரு எக்ஸ்ரே எடுங்கன்னு கெஞ்சினேன். டீ குடிக்க வந்தவங்க முன்னால, "போடி, உன் வேலையைப் பாரு"ன்னீங்க. எடுக்காம நான் வர மாட்டேன். எனக்கு பயமா கீது.

சம்பூர்ணம்

மாமல்லபுரம்
2.7.2009

சம்பு,

எடுத்தாச்சு, போதுமா? கடையை மூடிட்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரிசையில நின்னேன். டாக்டரம்மா வெளிச்சத்துல வெச்சிப் பாத்துட்டு, "இது வெறும் சளி. ஆனா சிகரெட்டை வுட்டுடுங்க"ன்னாங்க. இன்னா சொல்ற இப்போ? கல்யாணத்துக்கு முன்னேலேர்ந்து ஊதறேன், என்னை ஒண்ணும் பண்ணல. அட்டையில சும்மா பூச்சாண்டி காட்றானுங்க. நீயும் அவனுங்களும் ஒரே கட்சி!

ஞாயித்துக்கெழமை வந்துடு. வஞ்சிரம் வாங்கி வெக்கறேன்.

தனகோடி

மதுராந்தகம்
14.7.2009

காயத்ரி அப்பாவுக்கு,

உங்க லெட்டரைப் படிச்சிட்டு வெளக்கேத்தி வெச்சி அழுதேன். நெஜமாவே சந்தோசம். நீங்க நல்லா இருக்கணும்.

நான் ஏன் வரலைன்னா, இங்க வந்ததுலேர்ந்து எனக்கு மூச்சு வாங்குது. தங்கச்சி கல்யாணி விடாப்பிடியா கூட்டினு போனா. என் நெஞ்சையும் படம் எடுத்தாங்க, ஊசி போட்டு சதை எடுத்துப் பாத்தாங்க. புத்துநோயாம். நான் ஒரு பீடியக்கூட தொட்டதில்லையேன்னேன். "வூட்ல யாரு புடிக்கறாங்க?"ன்னு டாக்டரு கேட்டாரு. உங்க பேரைச் சொல்ல எனக்கு வாய் வரல. கல்யாணிதான் சொன்னா.

திங்கக்கெழமை மெட்ராஸ்ல ஆபரேசன். புருசன் கையெழுத்துப் போடணுமாம். உங்க மேல கோவம் இல்லைன்னு எழுதினா அது பொய். ஆனாலும் வாங்க, தனியா போக பயமா இருக்கு.

கடைச் சட்டையோட வராதீங்க. தலைக்குத் தண்ணி ஊத்திகினு, துவைச்சதைப் போட்டுகினு வாங்க. அந்த வாடையில என்னால மூச்சு வுட முடியல.

சம்பூர்ணம்