என்ஜின்காரர் மனைவியின் ஏழாவது கப்பல்

கடிதம் எண் 1
கப்பலிலிருந்து, மார்ச் 4

என் அன்புள்ள என்ஜின்காரருக்கு,

இங்கே நான் சுகம். அங்கே மோட்டாரும் நீங்களும் சுகமா? மோட்டாரை முதல்ல விசாரிக்கலைன்னா முகம் சுருங்கிடுமே, அதான்.

ஏறி ரெண்டு நாள் ஆச்சு. ஏழாவது பயணம்னதும் வாசல்லயே பேரைச் சொல்லி வரவேற்கிறாங்க. முப்பத்தோரு வருஷம் நீங்க கப்பலோட அடிவயித்துல என்ஜினோட மல்லுக்கட்டினீங்க. நான் பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல உட்கார்ந்து, வீங்கின கன்னத்தோட வர்றவங்களை வரிசையில நிக்க வெச்சேன். இப்ப நீங்க வீட்டுல, நான் கப்பல்ல. "உங்க ரெண்டு பேரையும் மாத்தி மாட்டிட்டாங்கம்மா"ன்னு நம்ம பொண்ணு சிரிக்கிறா.

பக்கத்து அறையில ஒரு கணக்கு டீச்சர். முதல் பயணம். பாவம், திருதிருன்னு முழிச்சாங்க. கூப்பிட்டு உட்கார வெச்சு எல்லாம் சொல்லிட்டேன். பெட்டி அறைக்கு வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும், மாத்திரையும் மாத்துத்துணியும் கைப்பையிலயே இருக்கணும். சாப்பாட்டு மண்டபத்துல தட்டை எடுக்கறதுக்கு முன்னாடி வெறுங்கையோட ஒரு சுத்து சுத்தி வரணும். முதல் மேஜையிலயே தட்டை ரொப்பிக்கிறவங்க, கடைசி மேஜைக்குப் போய் வயித்தெரிச்சல் படறதைத் தினம் பார்க்கறேன். அறை எடுத்தா நடுக்கப்பல்ல எடுக்கணும், ஆட்டம் தெரியாது. டான்ஸ் ஆடற மண்டபத்துக்குக் கீழே மட்டும் எடுக்கவே கூடாது. ஊர் சுத்த இறங்கினா, கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே திரும்பிடணும். போன தடவை ஒரு ஆள் ரெண்டு கையிலயும் பையோட துறைமுகத்துல ஓடி வந்தார். மேல்தளத்துல இருந்து நாங்க எல்லாரும் கைதட்டினோம். கப்பல் நிக்கலை.

என் அறையைப் பார்த்துக்கற பொண்ணு தினம் துண்டை மடிச்சு ஏதாவது ஒரு மிருகம் செஞ்சு கட்டில்ல வெச்சுட்டுப் போகும். நேத்து ஒரு குரங்கு, அதுக்கு என் மூக்குக்கண்ணாடி வேற. அப்படியே உங்க ஜாடை.

அறையில ராத்திரி பகல்னு இல்லாம டக் டக்னு ஒரு சத்தம். என்ன வியாதின்னு நீங்கதான் சொல்லணும்.

இந்தக் கப்பல் பத்து நாளைக்கு ஒரு தடவை சுத்தி, கிளம்பின துறைமுகத்துக்கே வரும். நான் மூணு சுத்துக்கு எழுதிக் குடுத்திருக்கேன். பன்னெண்டாம் தேதியும் இருபத்திரெண்டாம் தேதியும் அங்கே நிப்போம். ஏஜெண்ட் ஆபீஸுக்குப் போடுங்க, அந்தக் காலத்துல நான் உங்களுக்குப் போட்ட மாதிரி. போன் வேணாம். போன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டை வருது. காகிதத்துலதான் நாம நல்ல தம்பதி.

மல்லிச்செடிக்கு ஒரு செம்பு தண்ணி போதும். அதுக்கும் பைப் லைன் இழுத்துடாதீங்க.

அன்புடன்,
உங்கள் ஒன்பதாம் தளத்து மேடம்


கடிதம் எண் 1
வீடு, மார்ச் 8

மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மோட்டார் சுகம்.

நடுக்கப்பல்னு சொன்னது சரி. ஆனா ஒன்பதாம் தளத்துல நடு என்ன, ஓரம் என்ன? ஆட்டம் கம்மியா இருக்கணும்னா கீழே வரணும். தண்ணி மட்டத்துக்குப் பக்கத்துல. பணம் கொடுத்து மேலே ஏறி ஆடறவங்களை நான் முப்பத்தோரு வருஷம் கீழே இருந்து பார்த்து சிரிச்சிருக்கேன். டீச்சர் அம்மாகிட்ட சொல்லிடு.

டக் டக் சத்தம்: அலமாரியைத் திற. துணி மாட்டற கம்பி ஒரு பக்கம் தளர்ந்திருக்கும். ஒரு காகிதத்தை நாலா மடிச்சு, கம்பி சேர்ற இடத்துல செருகு. நின்னுடும். விடியற்காலையில கட்டில் உதறினா பயப்படாதே, கரை சேர்றப்ப கப்பலைப் பக்கவாட்டுல தள்றாங்க.

இங்கே ஒரு சம்பவம். வீட்டுல சத்தமே இல்லை. சத்தமில்லாம எனக்குத் தூக்கம் வரலை. அதனால மத்தியானம் மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுத்தேன். நல்ல தூக்கம். தொட்டி நிரம்பி, மாடியில இருந்து கொட்டி, பக்கத்து வீட்டம்மா காயப்போட்ட மெத்தை நனைஞ்சுபோச்சு. அவங்க சொன்னதை எல்லாம் எழுத முடியாது.

மல்லிச்செடிக்கு ஒரு செம்புதான் ஊத்தறேன். அளவுகோடு போட்ட செம்பு.

சமையலறைக் குழாய்ப் பெயிண்ட் அப்படியேதான் இருக்கு. நல்ல தண்ணிக்கு நீலம், தீயணைக்கிற தண்ணிக்குச் சிவப்பு, இதுதான் உலகம் பூரா முறை. இதுல கோபப்பட என்ன இருக்குன்னு இன்னும் எனக்குப் புரியலை.

இப்படிக்கு,
கீழ்த்தளம்


கடிதம் எண் 2
கப்பலிலிருந்து, மார்ச் 13

அன்புள்ள கீழ்த்தளத்துக்கு,

மெத்தைக் கதையை டீச்சர்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவங்க சிரிச்ச சிரிப்புல டீ மூக்குல ஏறிடுச்சு.

அலமாரியைத் திறந்து பார்த்தேன். நீங்க சொன்ன அதே கம்பி! ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகிட்டு எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ. ஆனா காகிதம் வைக்கலை. இருக்கட்டும், யாரோ அறையில நடமாடற மாதிரி இருக்கு.

பெயிண்ட்ல கோபம் என்னன்னா கேக்கறீங்க? நீங்க ரிட்டயர் ஆகி வந்தீங்க. பெட்டியை இறக்கி வெச்சதும் இனிமே கப்பல்ல காலே வைக்க மாட்டேன்னு சபதம் போட்டீங்க. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாலாவது மாசம் பார்த்தா, சமையலறைக் குழாய் நீலம், கேஸ் பைப் மஞ்சள், என் பருப்பு டப்பா மேல எல்லாம் நம்பர் ஒட்டின சீட்டு. ஏழாம் நம்பர் காலின்னு கரும்பலகையில எழுதி வெச்சிருந்தீங்க. "ஏம்மா, துவரம்பருப்பு தீர்ந்துபோச்சு"ன்னு வாயைத் திறந்து சொல்றதுக்கு உங்களுக்கு ஆள் நான் இல்லையா? அன்னிக்கு வந்த கோபத்துலதான் முதல் கப்பலுக்கு எழுதிக் குடுத்தேன். இது ஏழாவது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கப்பல் இந்தச் சுத்துகள் முடிஞ்சதும் ஏழு மாசப் பயணம் போகுது. அடிக்கடி வர்றவங்களுக்கு முதல் வரிசை. டீச்சர் பேர் குடுத்துட்டாங்க. என்னையும் கூப்பிடறாங்க. இருபத்தி நாலாம் தேதி சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடணும். பேப்பர் மேஜை மேல இருக்கு.

ஏழு மாசம் போகணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்லை. உண்மையைச் சொல்லிட்டேன். ஆனா நான் ஆறு கப்பல் ஏறி இறங்கியாச்சு, எத்தனை லெட்டர் எழுதியிருக்கீங்க. கம்பி, மோட்டார், செம்பு, எல்லாம் இருக்கு. ஒரு பொண்டாட்டிகிட்ட கேக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி எதுலயுமே இல்லை. அதைக் கேட்டுட்டீங்கன்னா இந்தப் பேப்பருக்கு வேலையே இல்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மேடம்


கடிதம் எண் 2
வீடு, மார்ச் 18

மேடம் அவர்களுக்கு,

ஏழு மாசப் பயணம் பத்தி எழுதியிருந்தே. ஒரே ஒரு கேள்வின்னும் எழுதியிருந்தே. ரெண்டு நாள் யோசிச்சேன். கப்பல் நல்ல கப்பலாங்கறதுதான் கேள்வின்னா, விசாரிச்சேன், நல்ல கப்பல்தான். என்ஜின் புதுசு. தலைமை என்ஜினியர் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கிட்ட தொழில் கத்துக்கிட்டவர். பயமில்லை.

உனக்கு எது சந்தோஷமோ அதைச் செய். என்னால தடை இல்லை.

குளிர் பக்கம் போனா கம்பளிச் சட்டை வேணும். அலமாரி மேல்தட்டுல இருக்கு, அனுப்பவா?

இப்படிக்கு,
கீழ்த்தளம்


கடிதம் எண் 3
கப்பலிலிருந்து, மார்ச் 22

வீட்டிலிருக்கும் ஐயாவுக்கு,

உங்க லெட்டரை இன்னிக்கு ஏஜெண்ட் ஆபீஸ் வாசல்ல நின்னுகிட்டே படிச்சேன். கம்பளிச் சட்டை அனுப்பவாவாம்! படிச்சு முடிச்சதும் கண்ணு நிறைஞ்சுபோச்சு. ஏஜெண்ட் நாற்காலி எடுத்துப் போட்டார். யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சான்னு கேட்டார். இல்லைங்க, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க, அதான் பிரச்சினைன்னு சொல்லிட்டு வந்தேன்.

எனக்கு எது சந்தோஷமோ அதைச் செய்யணும். நீங்க தடை இல்லை. ரொம்ப நன்றி. நான் வீட்டுல இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணுன்னு இவ்வளவு மரியாதையா இதுவரைக்கும் யாரும் என்கிட்ட சொன்னதில்லை.

நாளை மறுநாள் கையெழுத்துப் போடப் போறேன். சட்டை வேணாம், இங்கேயே வாங்கிக்கறேன். மல்லிச்செடியைப் பக்கத்து வீட்டம்மாகிட்ட குடுத்துடுங்க. மெத்தைக்கு ஈடா இருக்கட்டும்.

இந்த லெட்டரைத் துறைமுகப் பெட்டியிலயே போடறேன். இனிமே நம்பர் போட மாட்டேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் தளம்


கடிதம் எண் 3
மார்ச் 23, காலை

மேடம்,

இது தபால்ல வரலை. உன் கதவுக்கு அடியில நானே தள்ளிட்டுப் போறேன். கத்தாதே. டீச்சர் பயந்துடப்போறாங்க.

நேத்து மத்தியானம் ஏறினேன். பொண்ணுதான் சீட்டு வாங்கிக் குடுத்தா. ரகசியமா வெச்சுக்கோன்னு சத்தியம் வாங்கியிருக்கேன், அவளைத் திட்டாதே.

நடந்தது இதுதான். உனக்குப் பதில் போட்ட மறுநாள், கம்பளிச் சட்டையைத் தேடி மேல்தட்டைக் குடைஞ்சேன். சட்டைக்கு அடியில நீ எனக்குப் போட்ட லெட்டர் கட்டு. முதல்ல இருந்து படிச்சேன். சமைக்கலை, மோட்டார் போடலை, படிச்சுக்கிட்டே இருந்தேன். பத்தொன்பதாம் நம்பர் வந்துச்சு. ஞாபகம் இருக்கா? நான் ஜூன்ல வர்றேன்னு எழுதி, மாத்து ஆள் வராம மாட்டிக்கிட்ட வருஷம். நீ கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு மூணு நாள் வாசல்ல நின்னிருக்கே. அப்புறம் எழுதினே: "இனிமே எப்ப வருவீங்கன்னு நானும் கேக்க மாட்டேன், நீங்களும் கேக்கவோ சொல்லவோ வேண்டாம். கேட்டா மனசு வாசலுக்குப் போயிடுது. வந்து கதவைத் தட்டுங்க, திறக்கறேன்."

அந்தச் சட்டத்தை நான் ஒரு நாள் மீறலை. நீ முதல் கப்பல் ஏறினப்பவும் அதே சட்டம்னுதான் நினைச்சேன். நீ கிளம்பற ஒவ்வொரு தடவையும் டாக்ஸி தெருமுனை திரும்பறதுக்குள்ள அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் வரும். முழுங்கிடுவேன். முப்பத்தோரு வருஷம் உன்னை வாசல்ல நிக்க வெச்சவன், இப்ப உல்லாசமா சுத்தறவளை எப்ப வருவேன்னு நச்சரிக்கக் கூடாதுன்னு இருந்தேன். அதைப் போய் நீ அக்கறை இல்லைன்னு எடுத்துக்குவேன்னு என் மரமண்டைக்குத் தோணலை. பத்தொன்பதாம் நம்பரைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் எந்தக் கேள்வின்னு புரிஞ்சது.

புரிஞ்சதும் கேட்டு எழுதலாம்னு பேனாவை எடுத்தேன். தபால் போய்ச் சேர்றதுக்குள்ள கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிடும், இருபத்தி நாலும் தாண்டிடும். அதனால கேக்கலை. வந்துட்டேன்.

வந்தேனே தவிர, காலையில உன் கதவு முன்னாடி நின்னு கையைத் தூக்கினேன், தட்ட வரலை. நீ உள்ளே ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்தே. இவ்வளவு சந்தோஷமா இருக்கறவகிட்ட நான் எதுக்குன்னு கை இறங்கிடுச்சு. அதான் காகிதம். நீ ஏழு மாசம் போறதா இருந்தா போ, பத்தாம் நாள் நான் இறங்கிக்கறேன்.

என் அறை ரெண்டாம் தளம், என்ஜினுக்கு நேர் மேலே. ஜன்னல் இல்லை. யாருமே எடுக்காத அறைன்னு சீட்டு குடுத்தவர் ரெண்டு தடவை எச்சரிச்சார். ரிட்டயர் ஆன இந்த மூணு வருஷத்துல நேத்து ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினேன்.

டப்பா மேல ஒட்டின சீட்டை எல்லாம் கிழிச்சுட்டேன். குழாய் நீலமாத்தான் இருக்கும், அது முறை.

உன்,
என்ஜின்காரன்


நம்பர் போட மாட்டேன்னு சொல்லிட்டேன், ஆனாலும்: கடிதம் எண் 4
மார்ச் 23, முற்பகல்

என் அன்புள்ள மரமண்டைக்கு,

இதை உங்க கதவுக்கு அடியில தள்ளச் சொல்லி அறைப் பொண்ணுகிட்ட குடுத்து அனுப்பறேன். நானே வந்திருப்பேன். லெட்டரைப் படிச்சு அழுது மூஞ்சி வீங்கிக் கிடக்கு, பல் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க மாதிரி. இந்த மூஞ்சியோட ஏழு மாடி இறங்க மாட்டேன்.

நேத்து நான் போட்ட லெட்டர் ஒண்ணு நம்ம பூட்டின வீட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கு. திரும்பிப் போனதும் அதைப் பிரிக்காம என்கிட்ட குடுத்துடணும். அதைப் படிச்சீங்க, அப்புறம் உங்களுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது.

முணுமுணுத்தது சந்தோஷத்துல இல்லை. அந்த டக் டக் சத்தத்துக்கு ஏத்த மாதிரி வாய் தானா பாடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அந்தச் சத்தம் இல்லை. ஏழு மாசப் பேப்பரை நாலா மடிச்சு, நீங்க சொன்ன இடத்துல செருகிட்டேன். சரியான கனம்.

உங்க அறை உங்களுக்கே இருக்கட்டும், தூங்கறதுக்குக் கீழே போயிக்குங்க. ஒரே அறையில போட்டா நாலாவது நாள் அலமாரிக்கு நம்பர் ஒட்டுவீங்க. மத்த நேரத்துக்கு இங்கே பால்கனியில ரெண்டு நாற்காலி. ஏழு பயணமும் ஒண்ணு காலியாவே கிடந்துச்சு.

டீ சொல்லியிருக்கேன், ரெண்டு கப். இந்தச் சட்டத்தைப் போட்டவ நான், அதனால நானே மீறறேன்.

எப்ப வருவீங்க?